சிற்றிலும் சிறுதேரும்

வாழ்வதற்கு வீடு கட்டுவது மனிதனின் தேவை. கட்டி முடிந்து பல்லாண்டுகள் நின்ற ஒரு வீட்டைப் பார்த்து, அதைப் போலவே இன்னொன்றை உள்ளங்கை அளவில் அட்டையால் செய்து வைப்பது எதன்பாற்பட்டது? தேவை என்று அதனைச் சொல்ல இயலாது. வீண் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்புவதில்லை. இங்கிலாந்து நாட்டில் இச்செயலில் ஈடுபட்டோர் பல்லாயிரவர். இரயில் வண்டிகளின் சிறு மாதிரிகளை மேசைமேல் ஓடவிட்டு மகிழும் அவர்கள், வண்டியும் தண்டவாளமும் கிடைத்த அளவில் நிறைவு கொள்வதில்லை. வண்டி நிற்க ஒரு நிலையம் வேண்டும். நிலையத்துக்கு அருகே கைகாட்டி அறை, சரக்குக் கொட்டகை, நிலைய அதிகாரியின் வீடு. சற்றுத் தள்ளி ஒரு தேவாலயம். அதற்கு எதிரே தவறாமல் ஒரு மதுக்கடை. இவையனைத்தும் அச்சிட்ட அட்டைத் தாள்களாகக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கியவர் வெட்டி, மடித்து, ஒட்டி எழுப்ப வேண்டியதுதான். கற்பனைக் கட்டடங்களும் அவற்றுள் உண்டு. ஆயினும் உண்மையாகவே ஓரிடத்தில் நிற்கும், அல்லது ஒரு காலத்தில் நின்ற, கட்டடத்தின் உருவைத் தேடிச் செய்வோர் பலர். இந்தத் தேட்டத்தில்தான் சிந்தனைக்குரிய வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. உள்ளதைப் போலச் செய்கிறவன் உள்ளதற்கு எந்த அளவுக்குக் கடமைப்பட்டவன்?

வளர்ந்தவர்கள் இத்தகைய சிறு பொருள்களில் காலம் கழிப்பது தகுமா என்று கேட்போர் எந்நாளும் உண்டு. தமிழ் பயின்றோர் அவ்வாறு கேட்பதற்குச் சற்றே தயங்குவர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்கு இறுதியில் வைத்த பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகின்றனர். அடுத்த அலை அடித்தாலே கரைந்துவிடும் மணல்வீடு அது. அதை அவர்களும் அறிவர். ஆனாலும் அவர்களுடைய கெஞ்சலைப் புலவர்கள் நகைப்புக்குரியதாக ஆக்கவில்லை. சிறு வீட்டுக்காகப் படும் துயரம் சிறு துயரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். சிறுதேர் உருட்டும் பிள்ளைக்கும் அப்படியே. அது தேர் அன்று என்று சொல்ல எந்தப் புலவரும் முன்வரவில்லை.

அட்டைக் கட்டடம் எழும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. இதன் அறம் முழுவதும் செய்முறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பிரிட்டனில் பெருவழக்காக உள்ள அளவு, உண்மையின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர் என்பது. அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் 24 மில்லிமீட்டர் உயரமுள்ளவன் ஆகிறான். 60 அடி நீள நிலையம் 24 சென்டிமீட்டரில் அமைந்துவிடும். இங்கிலாந்தின் செங்கற் சுவரில் பொதுவாக நான்கு வரிசைக் கற்கள் ஓர் அடி உயரம் ஆகும். ஆகவே மாதிரியில் ஒரு செங்கல் வரிசைக்கு ஒரு மில்லிமீட்டர். இந்தக் கணக்கு அறிந்தவர்க்கு ஏணியும் வேண்டா, வீட்டுக்காரரின் இசைவும் வேண்டா. தெருவில் நின்றபடியே செங்கல் வரிசைகளை எண்ணினால் போதும். அறுபது வரிசை எனில் பதினைந்து அடி. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு அயலார் வீட்டுச் சுவரை முணுமுணுத்தபடி எண்ணும் ஒருவரைக் கண்டு அவ்வீட்டார் ஐயுறுவது இயல்பே.

அளவெடுத்தல் ஒருபுறம் இருக்க, அட்டையை மடிக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. கத்தியால் முழுதும் வெட்டாமல், மேற்பரப்பை மட்டும் கீறிப் பின் மடிக்க வேண்டும். கீறல் மிகுந்தால் தாள் துண்டாகும். குறைந்தால் மூலை கூர்மையின்றி வளையும். அதைவிடப் பெரிய சோதனை வெட்டிய விளிம்பு. சுவரின் முகம் செங்கல் நிறமாக அச்சிடப்பட்டிருக்கும். விளிம்போ அட்டையின் இயற்கை நிறத்தில் வெளேரென்று பல்லிளிக்கும். எத்துணை நேர்த்தியாக ஒட்டினாலும் அந்த வெள்ளைக் கோடு, இது சுவரன்று, அட்டை என்று கூவிக்கொண்டே இருக்கும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு விளிம்புக்கும் வண்ணப் பென்சிலாலோ நீர்வண்ணத்தாலோ நிறம் தீட்ட வேண்டும் என்பது இக்கலையின் முதற்பாடம். அடுத்தது, ஒரு சுவரின் செங்கல் வரிசை மூலை திரும்பி அடுத்த சுவரில் அதே மட்டத்தில் தொடர வேண்டும் என்பது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணுக்கு அகப்பட்டுவிடும். உள்ளே, எவரும் காணாத இடத்தில், குறுக்குச் சட்டங்கள் ஒட்டாவிட்டால் ஈரம் பட்ட சுவர் சில மாதங்களில் வளைந்து போகும். காணாத இடத்தில் செய்த சோம்பலைக் காலம் காணும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இவ்வளவு கவனமும் உண்மையைப் போற்றுவதற்கே என்று கருதத் தோன்றும். ஆனால் கூர்ந்து நோக்கின் ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு பொய் கலந்திருக்கிறது. செங்கற்களுக்கு இடையே உள்ள சுண்ணப் பூச்சு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு எனில், மாதிரியில் அது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அச்சிடுவோர் அதைத் தடிப்பாக்குகின்றனர். பழைய தாள்களில் சன்னலின் நிழலையும் சேர்த்தே வரைந்திருப்பர். விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த நிழல் அசையாது. எல்லாவற்றிலும் பெரிய பொய் வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறது. பிரிட்டனின் தண்டவாள அகலம் 4 அடி எட்டரை அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் அது 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கடையில் விற்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். வண்டியின் உடல் ஓர் அளவு, அது ஓடும் பாதை மற்றோர் அளவு. செங்கல் வரிசையை எண்ணி உறக்கம் கெட்டவர்களுள் மிகப் பலர் இந்தப் பிழையைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்து வந்திருக்கின்றனர். பொறுக்காத ஒரு சிலர் தாமே 18.83 மில்லிமீட்டரில் தண்டவாளம் அமைத்துக்கொண்டனர். மனிதனின் மனச்சாட்சி எந்த இடத்தில் விழித்துக்கொள்ளும், எந்த இடத்தில் உறங்கும் என்பதற்கு ஒழுங்கான விதி இல்லை.

இனி, நீளத்தைப் பற்றிய பொய். செட்டில் என்னும் ஊரிலிருந்து கார்லைல் என்னும் நகர் வரை வடஇங்கிலாந்தின் மலைகளினூடே செல்லும் பாதை 72 மைல் நீளமுடையது. 1869 முதல் 1876 வரை மிட்லண்ட் இரயில்வே கம்பெனி அமைத்தது அது. ஒரு மைலுக்கு 21 மீட்டருக்குச் சற்று மேல் என்னும் கணக்கில் அப்பாதை முழுவதையும் மாதிரியாக அமைக்க ஒன்றரைக் கிலோமீட்டர் இடம் வேண்டும். அப்பாதையில் உள்ள ரிபிள்ஹெட் பாலம் 24 வளைவுகளும் 104 அடி உயரமும் 440 கெஜ நீளமும் உடையது. அதை மட்டும் செய்தாலே ஐந்தேகால் மீட்டர் ஆகிவிடும். எந்த வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம் உண்டு? எனவே 24 வளைவுகள் ஆறாகச் சுருங்குகின்றன. மூன்று மீட்டர் வேண்டிய நடைமேடை ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடுகிறது. நிலையத்துக்கும் பாலத்துக்கும் இடையே உள்ள பல மைல் மலைவெளி ஒரு முழம் பச்சைத் தாளில் அடங்குகிறது.

இது பொய்யா? தொல்காப்பியர் உவமவியலில் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்கு வகையாகப் பகுத்தார். மெய் என்றது வடிவத்தை. உரு என்றது நிறத்தை. அட்டை நிலையத்தை இந்த நான்கனோடும் பொருத்திப் பார்க்கலாம். வடிவு ஒத்திருக்கிறது, நிறமும் ஒத்திருக்கிறது. வண்டி வந்து நின்று புறப்படுவதால் வினையும் ஓரளவு ஒத்திருக்கிறது. பயன் மட்டும் இல்லை. அந்நிலையத்திலிருந்து எவரும் எவ்வூருக்கும் போனதில்லை. உவமை என்று கொண்டால் இதில் குறையொன்றும் இல்லை. வீரனைப் புலியோடு ஒப்பிட்ட புலவனிடம் வால் எங்கே என்று கேட்பார் இல்லை. ஆறு வளைவுப் பாலமும் அதுபோன்றே 24 வளைவுப் பாலத்தைப் போன்றது என்ற அளவில் குற்றமற்றது.

ஆனால் மாதிரி செய்வோர் உவமையோடு நின்றுவிடுவதில்லை. நடைமேடையில் ஒரு பெயர்ப்பலகை வைக்கின்றனர். அந்தப் பலகையில் ‘செட்டில்’ என்று எழுதிய கணத்திலேயே போன்றது என்ற நிலை மாறி, இதுவே அது என்ற உறுதிமொழி பிறந்துவிடுகிறது. வழக்கு அந்தப் பலகையோடுதான் தொடங்குகிறது. இதனை நன்கு உணர்ந்தவர்கள் இத்துறையின் முன்னோடிகளே. ஜான் அஹெர்ன் என்பார் அட்டையால் கட்டடம் செய்யும் முறையை நூலாக எழுதிப் பலர்க்கு வழிகாட்டியவர். வெவ்வேறு ஊர்களில் கண்ட உண்மைக் கட்டடங்களைத் தழுவிச் சிறு வடிவில் செய்த அவர், அவற்றையெல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் கூட்டி வைத்து, அதற்கு ‘மேடர் பள்ளத்தாக்கு’ என்று எந்த நிலப்படத்திலும் இல்லாத ஒரு பெயரை இட்டார். கட்டடத்துக்கு உண்மையாக நடந்துகொண்டவர் இடத்தைப் பொறுத்தவரை கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். புனைகதை எழுதுவோர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். கண்ட மனிதர்களைக் காணாத ஊரில் வைத்து, ஊரின் பெயரை மாற்றிவிடுகின்றனர். பெயரை மாற்றுவதில் ஒரு நேர்மை உண்டு.

அஹெர்னின் பள்ளத்தாக்கு இப்போது ஆக்ஸ்ஃபர்டு மாவட்டத்தின் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில், பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு அதனை நிறுவியவர் ராய் இங்கிலாந்து. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்த அவர் வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்னும் வேளாண் பகுதியின் அழகில் மனம் பறிகொடுத்தார். அவர் கண்ணெதிரிலேயே அப்பகுதியின் கூரை வேய்ந்த குடிசைகள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. வைக்கோற்கூரை போய்ப் புதுக்கூரை வந்தது. தடுத்து நிறுத்தத் தம்மால் ஆகாது என்று உணர்ந்தவர், இருந்தபடியே குறித்து வைப்பது என்று முடிவு செய்தார். வீடு வீடாகச் சென்று அளவெடுத்து, நிறங்களைக் குறித்து, அட்டையில் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறி நீர்வண்ணம் தீட்டினார். பின்னர் வந்த தன்னார்வலர்களும் அதே வழியில் உழைத்தனர். ஒரு குடிசைக்கு ஆண்டுக்கணக்கில் ஆவதும் உண்டு. அங்கும் ஊரின் பெயர் கற்பனையே. வீடுகள் மட்டும் பல ஊர்களிலிருந்து வந்த உண்மை வீடுகள். 1995இல் அவர் மறைந்த பின்னும் பணி நின்றுவிடவில்லை.

ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் கொண்ட இத்தகைய உழைப்பின் முன் தலைவணங்குவது எளிது. வணங்கிய பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. வைக்கோற்கூரை போயிற்றே என்று வருந்தியவர் அந்தக் கூரையைக் கண்டு மகிழ்ந்தவர். அதன் கீழ்ப் படுத்து உறங்கியவர் என்ன நினைத்திருப்பார்? இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் இங்கிலாந்தின் வேளாண்மை நலிந்து கிடந்தது. குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் எட்டாத குடிசைகள் மிகப் பல. ஒழுகாத கூரை ஒன்று கிடைத்தபோது அந்தக் குடும்பத்தலைவி அழகு போயிற்றே என்று அழுதிருப்பாளா? சாலையில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு வீடு; உள்ளே இருப்பவளுக்கு வேறொரு வீடு. அட்டையில் வருவது பெரும்பாலும் சாலையில் நின்றவன் கண்ட வீடே. உள்ளே புகைந்த அடுப்பையும் சுவரில் ஏறிய ஈரத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பதற்கு வழியில்லை. இதனால் அந்த மாதிரிகள் பொய்யாகிவிடவில்லை. அவை சொல்வது உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மை.

மாதிரிக்கும் மூலத்துக்கும் உள்ள உறவின் மிகக் கொடிய எடுத்துக்காட்டை இலண்டன் மாநகரம் தந்திருக்கிறது. யூஸ்டன் நிலையத்தின் வாயிலில் பிலிப் ஹார்ட்விக் என்னும் கட்டடக் கலைஞர் 1837இல் எழுப்பிய கல்வளைவு ஒன்று நின்றது. கிரேக்கக் கோயில் தூண்களைப் போன்ற தூண்களோடு ஏறத்தாழ 70 அடி உயரமுடையது அது. நிலையத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு அதனை இடிக்க முடிவு செய்தனர். கவிஞர் ஜான் பெட்ஜிமன் முதலானோர் போராடினர். பிரதமர் மேக்மில்லன் இசையவில்லை. 1961ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி மறு ஆண்டில் அது இடித்து முடிக்கப்பட்டது. அதன் பிறகு, இடித்த ஒப்பந்தக்காரர் வளைவின் சிறு மாதிரி ஒன்றை வெள்ளியில் செய்து, அதனைக் காக்கப் போராடிய விக்டோரியன் சங்கத்துக்கே பரிசாக அளித்தார். அதைப் பெற்றுக்கொண்ட ஈஷர் பிரபு, ஒருவன் தம் மனைவியைக் கொன்றுவிட்டு அவளுடைய மார்பளவுச் சிலையைத் தம்மிடம் கொடுத்ததைப் போல் இருக்கிறது என்ற பொருள்படக் கூறியதாகச் சொல்வர்.

அந்த வெள்ளி மாதிரியின் அளவில் பிழை இருந்ததாக எவரும் குறை சொல்லவில்லை. வடிவு பிழையின்றி இருந்திருக்கலாம். அட்டையைவிட வெள்ளி உயர்ந்த பொருளும் ஆகும். இருந்தும் அது வாங்கியவர் கையைச் சுட்டது. ஒரு மாதிரியின் மெய்ம்மை அதன் அளவுகளில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. செய்தவன் மூலத்துக்கு என்ன செய்தான் என்பதும் அதன் மெய்ம்மையில் ஒரு பகுதி. அதே வளைவை ஒரு பள்ளி மாணவன் தன் வீட்டு மேசையில் 28 சென்டிமீட்டர் உயர அட்டையாகச் செய்து வைத்திருந்தால், பசை வழிந்து தூண் சாய்ந்திருந்தாலும், ஈஷர் பிரபு அதனை மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார். வளைவின் கற்களோ பெருமளவு கிழக்கு இலண்டனின் நீர்க்கால்வாய் ஒன்றின் அடியில் பள்ளம் நிரப்பக் கொட்டப்பட்டுக் கிடந்தன. 1994இல்தான் அவை இருக்கும் இடம் கண்டறியப்பட்டது.

மாதிரி கையில் இருக்கிறதே, மூலம் போனால் என்ன என்ற எண்ணம் அந்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பழைய கட்டடத்தை இடிக்குமுன் நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடமை முடிந்தது என்று கருதும் மனப்பான்மை எல்லா நாட்டிலும் உண்டு. ஆயினும் இதற்கு மாறான நிகழ்ச்சியும் இங்கிலாந்திலேயே நடந்திருக்கிறது. முன்னர்க் கூறிய செட்டில் கார்லைல் பாதையில் 1970இல் சிறு நிலையங்கள் பலவும் மூடப்பட்டன. 1980களில், ரிபிள்ஹெட் பாலத்தைச் செப்பனிடும் செலவைக் காரணமாகக் காட்டி, பாதை முழுவதையும் மூடும் அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுத்தால் எதிர்ப்புத் தெரிவித்தனர். ரஸ்வார்ப் என்னும் நாய் ஒன்றின் கால்தடமும் எதிர்ப்புகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1989 ஏப்ரல் மாதத்தில் அரசு அந்த அறிவிப்பைக் கைவிட்டது. அப்பாதையின் நிலையக் கட்டடங்களைத் தழுவிய அட்டை மாதிரிகள் கடைகளில் விற்கின்றன. அவற்றைச் செய்து முடித்தவர் வண்டியேறிச் சென்று தம் மேசையில் உள்ளதன் மூலத்தைக் கண்டு வர இன்றும் இயலும். ஒரு கட்டடத்தின் செங்கல்லையோ கல்லையோ ஒவ்வொன்றாக எண்ணியவன் அதனை இடிக்கக் கையெழுத்து இடுவது கடினம். எண்ணாதவனுக்கு எளிது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிபிள்ஹெட் பாலத்தைக் கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள்? பாலத்தைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் மரக்கொட்டில்களாலான குடியிருப்புகள் பல எழுந்தன. செபஸ்தபோல், ஜெரிக்கோ என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக அங்கே வாழ்ந்தவர்கள் விபத்தாலும் அம்மை நோயாலும் மாண்டனர். அருகில் உள்ள சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தின் இடுகாட்டில் அந்தக் காலத்தில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் அடக்கம் செய்யப்பட்டனர். பாலம் நிற்கிறது, நிலையங்கள் நிற்கின்றன, தேவாலயமும் நிற்கிறது. கொட்டில்கள் இருந்த இடத்தில் புல் மூடிய மண்மேடுகளே உள்ளன. பாலத்துக்கு அட்டை மாதிரி உண்டு. கொட்டிலைச் செய்ய நினைப்பவனுக்கு எண்ணிப் பார்க்க ஒரு செங்கல்லும் இல்லை. நிலைத்து நிற்பதையே மாதிரி நிலைநிறுத்துகிறது. நிற்க வகையின்றி எழுப்பப்பட்ட வீடுகள் இரண்டாம் முறையும் மறைந்து போகின்றன. முதன்முறை அவற்றைப் பிரித்தவர்கள் கம்பெனியார். இரண்டாம் முறை விடுபடச் செய்வது அழகை நேசிப்பவர்களின் கை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இந்தச் செய்தி மலேசிய சிங்கப்பூர்த் தமிழர் உள்ளத்தைத் தொடாமல் இராது. மலாயாவின் முதியோர் ‘கம்பிச் சடக்கு’ என்று வழங்கிய இரயில் பாதையை இட்டதிலும் பேணியதிலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பெரிய உருவங்கள் நிற்கின்றன. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு அங்கிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. தண்டவாளங்கள் பின்னர் அகற்றப்பட்டன. கட்டடமோ தேசிய நினைவுச்சின்னம் என்னும் சிறப்போடு காக்கப்பட்டது. தொல்காப்பியரின் நான்கனையும் இங்கே மீண்டும் வைத்துப் பார்த்தால் வியப்பே எஞ்சும். அந்நிலையத்துக்கு மெய் உண்டு, உரு உண்டு. வினையும் பயனும் போயின. தன் அளவிலேயே தன்னைப் போலச் செய்த மாதிரியாக அது ஆகிவிட்டது. மேசைமேல் உள்ள அட்டை நிலையத்துக்காவது மாலைதோறும் ஒரு வண்டி வந்து போகிறது. என்றாலும், முழுதும் இழப்பதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. யூஸ்டன் வளைவுக்காகப் போராடியவர்கள் இந்த அளவேனும் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பர்.

நிலையத்தின் முகப்புக்குப் பாதுகாப்பு உண்டு. பாதையோரமாக வரிசையில் நின்ற தொழிலாளர் லயங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இருந்ததில்லை. முகப்பில் நிற்கும் நான்கு உருவங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கட்டைகளைச் சுமந்து தண்டவாளத்தின் அடியில் இட்டவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை, பொதுக் குழாய், வாசலில் ஒரு முருங்கை, மூலையில் ஒரு சிறு கோயில்: இப்படிப்பட்ட லயத்தை எவரும் அட்டையில் அச்சிட்டு விற்கப் போவதில்லை. வாங்குவோர் இல்லை என்பது வணிகனின் நியாயம், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ரிபிள்ஹெட்டின் கொட்டில்களைப் போல இங்கு இன்னும் எல்லாம் மண்மேடாகிவிடவில்லை. அத்தகைய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். வாசற்படியிலிருந்து குழாயடிக்கு எத்தனை எட்டு, அடுப்பங்கரையில் நின்றால் கூரை கைக்கு எட்டுமா, ஓர் அறையில் எத்தனை பாய் விரிக்க முடியும் என்பதை அவர்களிடம் கேட்டால் தயங்காமல் சொல்வர். ஓர் எட்டு இரண்டரை அடி. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்.